கடைசித் தவணையுடன் கடன் தீர்ந்துவிடாது

அறுவடை முடிந்து, நெல் விற்ற பணம் கைக்கு வந்த வாரத்தில் ஒரு விவசாயி வங்கிக்குச் சென்று, கிணற்றுக்காக வாங்கிய ஐந்தாண்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டுகிறார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மூன்று ஆண்டுகள் கழித்து, மகளின் திருமணச் செலவுக்காக அரை ஏக்கர் நிலத்தை விற்க ஏற்பாடு செய்கிறார். வாங்க வந்தவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். நிலம் வங்கியில் ஈடாக இருப்பதாகவே அதில் காண்கிறது. வாங்க வந்தவர் தயங்குகிறார். குறித்த நாளில் பணம் கிடைக்காமல் போகிறது.

கிராமங்களில் இது புதிதல்ல. அந்த விவசாயி கட்ட வேண்டிய பணத்தைக் கட்டிவிட்டார். ஆனால் கடன் ஏட்டில் தீரவில்லை. பணத்தால் கடனைத் தீர்ப்பது ஒரு வேலை. பதிவேடுகளில் அதைத் தீர்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டும் முடிந்தால்தான் நிலம் முழுமையாகக் கைக்கு வந்ததாகப் பொருள். ஆண்டுக்கணக்கில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தவணை கட்டிய சிறு விவசாயிகள், கடைசிக் கட்டத்தில் செய்ய வேண்டியவற்றையும் அந்தக் கட்டத்தை விரைவில் எட்டும் வழிகளையும் தெரிந்துகொள்வது நல்லது.

கட்டும் பணம் எதற்குப் போகிறது?

தவணைக் கடனில் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அசலில் கழிவதில்லை. பொதுவாகச் செலவுகளும் அபராதக் கட்டணமும் முதலில் கழிக்கப்படும், அடுத்து வட்டி, மீதி இருந்தால்தான் அசல். எனவே தவணைத் தொகையை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதாது. இந்த ஆண்டு அசலில் எவ்வளவு குறைந்தது என்பதையே விவசாயி கேட்டறிய வேண்டும்.

கணக்குக்காக ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். கிணறு ஆழப்படுத்தவும் பம்பு செட் வைக்கவும் ஒருவர் 1,00,000 ரூபாய் கடன் வாங்குகிறார். வட்டி ஆண்டுக்கு 10 சதவிகிதம். ஆண்டுக்கு ஒரு தவணையாக 5 தவணை. ஒவ்வொரு தவணையிலும் அசல் 20,000 ரூபாய். முதல் ஆண்டு வட்டி 10,000 ரூபாய் சேர்த்து 30,000 ரூபாய் கட்ட வேண்டும். அசல் 80,000 ஆகக் குறைவதால் இரண்டாம் ஆண்டு வட்டி 8,000; தவணை 28,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு 26,000, நான்காம் ஆண்டு 24,000, ஐந்தாம் ஆண்டு 22,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 1,30,000 ரூபாய். இதில் வட்டி 30,000 ரூபாய்.

எல்லாத் தவணையும் ஒரே தொகையாக இருக்கும் முறையும் உண்டு. மேற்கண்ட கடனையே அந்த முறையில் கட்டினால் ஆண்டுக்குச் சுமார் 26,380 ரூபாய் வரும். இதில் முதல் தவணையில் வட்டிக்கு 10,000 ரூபாய் போக, அசலில் கழிவது 16,380 ரூபாய்தான். கடைசித் தவணையில் வட்டி 2,400 ரூபாய் அளவுக்கே இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் கட்டியும் கடன் குறையவே இல்லை என்று பலர் மனம் சோர்ந்துபோவதற்கு இதுவே காரணம். கடன் குறைகிறது; ஆனால் தொடக்கத்தில் மெதுவாகக் குறைகிறது.

முன்கூட்டிக் கட்டுவதன் லாபம்

நல்ல விலை கிடைத்த ஆண்டில் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால், அதைக் கடனில் கட்டலாமா என்ற கேள்வி எழும். கட்டலாம். எந்த ஆண்டில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து லாபம் மாறும்.

மேலே சொன்ன உதாரணத்தில், முதல் தவணையுடன் கூடுதலாக 10,000 ரூபாயை அசலில் கட்டினால், அடுத்த நான்கு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 ரூபாய் வட்டி குறையும். மொத்த மிச்சம் 4,000 ரூபாய். அதே 10,000 ரூபாயை நான்காம் தவணையுடன் கட்டினால் மிச்சம் 1,000 ரூபாய் மட்டுமே. ஆகவே கூடுதல் பணம் கட்டுவதானால் தொடக்க ஆண்டுகளிலேயே கட்டுவது மேல்.

அப்படிக் கட்டும்போது, 'இந்தத் தொகையை அசலில் வரவு வைக்கவும்' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலகக் கையெழுத்தும் தேதியும் பெற வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால், அடுத்த தவணைக்கான முன்பணமாக அது வைக்கப்படவும் கூடும். மறுமுறை போகும்போது பாஸ் புத்தகத்தில் வரவு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்.

அதற்காக விதை, உரம் வாங்கவேண்டிய பணத்தையும் கடனில் கட்டிவிட்டு, பின்னர் சாகுபடிக்கு வெளியில் வட்டிக்கு அலைவது கூடாது. அடுத்த சாகுபடிச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒதுக்கியபின் மிஞ்சுவதே உண்மையான மிச்சம்.

ஒரு தவணை தவறினால்

அதே விவசாயி இரண்டாம் ஆண்டுத் தவணையைக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டாத 8,000 ரூபாய் வட்டி அசலுடன் சேர்ந்து பாக்கி 88,000 ரூபாயாகிறது. மூன்றாம் ஆண்டு வட்டி 8,800 ரூபாய். அந்த ஆண்டு அவர் வழக்கமான தவணை என்று நினைத்து 26,000 ரூபாய் கட்டுகிறார். அதில் 16,800 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 9,200 ரூபாய். பாக்கி 70,800 ரூபாய். தவறாமல் கட்டியிருந்தால் அந்த நாளில் பாக்கி 40,000 ரூபாயாக இருந்திருக்கும். அபராதக் கட்டணம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

'விட்ட தவணையைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம்' என்ற எண்ணம் எவ்வளவு செலவு வைக்கும் என்பது இதிலிருந்து விளங்கும். விட்டதை அடுத்த விளைச்சலிலேயே ஈடுகட்டினால் கூடுதல் சுமை 2,800 ரூபாயுடன் நிற்கும். தள்ளிப்போட்டால் அது ஆண்டுதோறும் வளரும்.

இங்கே விவசாயிகளுக்குச் சாதகமான சில விதிகளும் உள்ளன. அபராதக் கட்டணத்தின் மேல் மீண்டும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. 2024இல் அது நடைமுறைக்கு வந்தது. மேலும், 5 ஏக்கர் வரை நிலமுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு வங்கிகள் தரும் குறுகிய காலக் கடனில், கணக்கில் எழுதப்படும் மொத்த வட்டி அசலைவிட மிகக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியே. பழைய பயிர்க்கடன் பாக்கி பெருகிக் கிடப்பவர்கள், கணக்கு விவரத் தாளை வாங்கி, அதில் வட்டி எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

விளைச்சல் பொய்த்த ஆண்டில்

வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் பயிர் அழிந்த ஆண்டில் தவணை கட்ட இயலாமல் போவது விவசாயியின் குற்றமல்ல. அந்த ஆண்டுக்கென்றே கடனை மாற்றியமைக்கும் ஏற்பாடு உண்டு. குறுகிய காலப் பயிர்க்கடன், பல ஆண்டுத் தவணையில் கட்டும் மத்திய காலக் கடனாக மாற்றப்படும். பயிர்ச்சேதம் 50 சதவிகிதம் இருந்தால்தான் இந்தச் சலுகை என்றிருந்த நிலையை மாற்றி, 33 சதவிகிதம் இருந்தாலே போதும் என்று ரிசர்வ் வங்கி 2015இல் வரம்பைக் குறைத்தது. அதன்படி, சேதம் 33 முதல் 50 சதவிகிதத்துக்குள் இருந்தால் 2 ஆண்டு வரையிலும், 50 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் 5 ஆண்டு வரையிலும் தவணைக் காலம் வழங்க வகை செய்யப்பட்டது. இத்தகைய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பு விதியை வங்கியில் கேட்டறிய வேண்டும்.

முக்கியமான செய்தி, கெடு முடிவதற்குள் கேட்க வேண்டும் என்பதே. கெடு தாண்டி, கணக்கு வாராக்கடன் பட்டியலில் விழுந்த பிறகு கேட்டால் வேலை கடினமாகும். குறுகிய காலப் பயிர்களுக்கு வாங்கிய கடன் இரண்டு சாகுபடிப் பருவம் நிலுவையில் நின்றாலும், நீண்ட காலப் பயிர்களுக்கு வாங்கியது ஒரு பருவம் நின்றாலும் வாராக்கடனாகிவிடும். எனவே பயிர் போனது தெரிந்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் சேதத்தைப் பதிவு செய்து, அடங்கல் நகலுடன் வங்கிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல் ஏட்டில் ஏறாது.

மாற்றியமைப்பு என்பது தள்ளுபடி அன்று. கடன் அப்படியே இருக்கும், வட்டியும் ஓடும். ஆனால் தலைக்கு மேல் வந்த வெள்ளத்தை வாய்க்கால் வெட்டி வடியவிடுவது போல, ஒரே ஆண்டில் கட்ட முடியாததைச் சில ஆண்டுகளில் கட்ட முடியும்.

எந்தக் கடனை முதலில் தீர்ப்பது?

பெரும்பாலான வீடுகளில் கடன் ஒன்றாக இருப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், வங்கியில் தவணைக் கடன், நகைக்கடன், ஊரில் கைமாற்று என்று நாலைந்து இருக்கும். எதை முதலில் கட்டுவது என்பதில் பலர், யார் அதிகம் நெருக்குகிறாரோ அவருக்கு முதலில் என்று முடிவு செய்கிறார்கள். வட்டியைப் பார்த்து முடிவு செய்வதே சரி.

ஊரில் 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 36 சதவிகிதம். கேட்கச் சிறியதாகத் தோன்றும் இது, மேலே சொன்ன 10 சதவிகித வங்கிக் கடனைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். 30,000 ரூபாய் வங்கித் தவணையைக் கட்டுவதற்காக மூணு வட்டிக்கு வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 5,400 ரூபாய். வங்கியில் முன்கூட்டியே பேசிக் கெடு கேட்காமல் இப்படிக் கட்டுவது, ஒரு கடனை அடைத்து அதைவிடப் பெரிய கடனைத் திறப்பதாகும்.

கூடுதல் வட்டிக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்றாலும், இரண்டு கடன்களை எப்போதும் கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும். ஒன்று, கூட்டுறவுப் பயிர்க்கடன். தமிழ்நாட்டில் இதைக் கெடுவுக்குள் கட்டுவோர் வட்டி கட்ட வேண்டியதில்லை. கெடு ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். மற்றொன்று, நிலத்தின் பேரில் வாங்கிய தவணைக் கடன்.

நகைக்கடனில் ஒரு பழக்கம் விவசாயிகளை நெடுங்காலம் கட்டிப்போடுகிறது. ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி, அதே நகையை மீண்டும் வைத்துக் கடனைப் புதுப்பிப்பதே அது. பத்தாண்டுகள் இப்படிப் புதுப்பித்தால் பத்தாண்டு வட்டி போயிருக்கும். அசல் ஒரு ரூபாய் கூடக் குறைந்திருக்காது. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அசலில் பத்தில் ஒரு பங்காவது கட்டிக் குறைத்துக்கொண்டு வந்தால், நகை ஒருநாள் வீடு வந்து சேரும்.

தனியாரிடம் வாங்கிய கைமாற்றைத் தீர்க்கும்போது, எழுதிக் கொடுத்த புரோ நோட்டைக் கையில் வாங்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. இடையில் கட்டும் தொகைகளை அந்த நோட்டின் பின்புறத்திலேயே தேதியுடன் வரவு எழுதச் சொல்ல வேண்டும். தொகை நிரப்பாத நோட்டிலோ, வெற்று முத்திரைத் தாளிலோ, காசோலையிலோ கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் அவற்றையும் திரும்பப் பெற வேண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. கடன் தீர்ந்த பின்னும் நோட்டைத் திருப்பித் தராமல் மிரட்டுவோர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?

தவணை கட்டிவரும் விவசாயியின் மனதைக் கலைப்பது தள்ளுபடிப் பேச்சு. 2008இல் மத்திய அரசும், 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழக அரசும் விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்தது உண்மை. 2021இல் கூட்டுறவு வங்கிகளில் நின்ற 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியாகி, 16.43 லட்சம் விவசாயிகள் பயன் பெற்றார்கள். ஆனால் அதே ஆண்டில் வணிக வங்கிகளில் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. எந்த வங்கியின் கடன், எந்த வகைக் கடன், எந்தத் தேதியில் நின்ற பாக்கி என்பதை அறிவிப்பு வரும்வரை யாராலும் சொல்ல முடியாது. வராத தள்ளுபடியை நம்பித் தவணையை நிறுத்தியவருக்கு வட்டியும் அபராதமும் நிச்சயம், தள்ளுபடி நிச்சயமில்லை.

நெடுநாள் பாக்கி நிற்கும் கணக்குகளுக்கு வங்கிகள் சில நேரம் 'ஒரே முறைத் தீர்வு' வழங்கும். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை விட்டுவிடுவார்கள். வேறு வழியில்லாதவர்களுக்கு இது உதவும். ஆனால் கடன் தகவல் ஏட்டில் அந்தக் கணக்கு முழுதும் கட்டி முடிக்கப்பட்டதாக வராது. 'செட்டில்டு' என்றே வரும். அடுத்த கடன் கேட்கும்போது இது தடையாகலாம். இந்தத் தீர்வுக்கு ஒப்புக்கொள்பவர்கள், கட்ட வேண்டிய தொகை, கெடு, மீதித் தொகையை வங்கி விட்டுவிடுகிறது என்ற உறுதி ஆகிய மூன்றும் உள்ள கடிதத்தை வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.

கடைசித் தவணைக்கு முன்

தவணை அட்டையில் போட்டிருக்கும் கடைசித் தொகையைக் கட்டினால் கணக்கு முடிந்துவிடும் என்பது சரியல்ல. தவணை நான்கு நாள் தாமதமானதற்கான வட்டி, ஆய்வுக் கட்டணம், காப்பீட்டுப் பிரிமியம் என்று சில நூறு ரூபாய் கணக்கில் நின்றுபோகலாம். விவசாயி கடன் முடிந்தது என்று வங்கிப் பக்கம் போகாமல் இருந்துவிடுவார். அந்தச் சில நூறு ரூபாய் நிலுவையாகி, அதற்கு வட்டி ஏறி, கணக்கு மூடாமலே கிடக்கும். பத்திரமும் வராது.

ஆகவே கடைசித் தவணைக்கு இரண்டு வாரம் முன்பே வங்கிக்குச் சென்று, 'இன்ன தேதியில் கணக்கை முழுதும் முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும்?' என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தேதியிலேயே அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் தொகை மாறும்.

பெற வேண்டிய ஆவணங்கள்

கணக்கு முடிந்தவுடன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

1. கடைசித் தொகை கட்டிய ரசீது.

2. பாக்கி ஏதுமில்லை என்று காட்டும் கணக்கு விவரத் தாள்.

3. நிலுவை இல்லாச் சான்று. இதை 'நோ டியூ சர்டிபிகேட்' என்று கேட்டால் எல்லா வங்கியிலும் தெரியும். கடன் எண்ணும், கணக்கு முடிந்த தேதியும், அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் அதில் இருக்க வேண்டும்.

4. ஈடாகக் கொடுத்த மூலப்பத்திரங்கள். கடன் வாங்கியபோது கொடுத்த பட்டியலை வைத்து, ஒவ்வொரு பத்திரத்தையும் பக்கம் எண்ணிச் சரிபார்த்து வாங்க வேண்டும். தாய்ப்பத்திரம் ஒன்று விடுபட்டாலும் பின்னர் தொல்லை.

5. கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகள், உறுதிமொழிப் பத்திரங்கள்.

6. ஜாமீன் போட்டவர் இருந்தால், அவர் பொறுப்பு நீங்கியது என்பதற்கான கடிதம். இதை அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதையும் ஆகும்.

கடனை முழுதும் கட்டியவருக்குப் பத்திரங்களைத் திரும்பப் பெறும் உரிமை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே உண்டு. இதற்குக் கால வரம்பை ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் விதித்தது. 2023 டிசம்பர் 1ஆம் தேதி முதல் இது நடைமுறையில் உள்ளது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவு செய்த ஈட்டையும் நீக்கிவிட வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் கடன்தாரருக்கு ஈடு தர வேண்டும். பத்திரம் வங்கியில் தொலைந்தோ சேதமடைந்தோ போயிருந்தால், நகல் பெற வங்கி உதவுவதுடன் அதற்கான செலவையும் ஏற்க வேண்டும். அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. வணிக வங்கிகள், கிராம வங்கிகள், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள், நிதி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இந்த விதி பொருந்தும். கிராமத்திலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கூட்டுறவுத் துறையின் கீழ் வருவதால், அங்கே தாமதம் ஏற்பட்டால் கூட்டுறவுச் சரகத் துணைப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம்.

வில்லங்கச் சான்றில் பார்ப்பது எப்படி?

பத்திரம் கைக்கு வந்தாலும் ஒரு வேலை மீதமிருக்கிறது. கடன் வாங்கியபோது ஈடு பற்றிய ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கே பதிவு செய்ய வேண்டும். வங்கியின் சார்பில் உரிய அலுவலர் அதில் கையெழுத்திட வேண்டும். இதைக் கேட்டு முடிக்காமல் விட்டவர்களே தொடக்கத்தில் சொன்ன விவசாயியின் நிலைக்கு ஆளாகிறார்கள்.

பதிவு முடிந்த சில நாட்களில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் இதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; இ-சேவை மையத்திலும் உதவி பெறலாம். பழைய ஈட்டுப் பதிவு அதில் தொடர்ந்து காணப்படுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒருமுறை பதிவானது அழியாது. அதற்குப் பின் தேதியில், அந்த ஈடு தீர்ந்ததைக் காட்டும் ரசீதுப் பதிவு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சர்வே எண், உட்பிரிவு எண், பழைய ஆவண எண் மூன்றும் இரண்டு பதிவிலும் ஒத்திருக்க வேண்டும். ஒரு எண் மாறியிருந்தால் உடனே திருத்தப் பதிவுக்குக் கேட்க வேண்டும். கடன் கொடுத்த அதிகாரி மாற்றலாகிப் போகுமுன் செய்தால் வேலை சுலபம்.

கடன் தகவல் அறிக்கை

நிலத்துக்கு வில்லங்கச் சான்று போல, ஆளுக்குக் கடன் தகவல் அறிக்கை. கிராமத்தில் இதைச் 'சிபில்' என்றே சொல்கிறார்கள். சிபில் உட்பட நான்கு நிறுவனங்கள் இந்த விவரங்களைத் திரட்டி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். கடன் முடிந்து இரண்டு மாதம் கழித்து இதை எடுத்துப் பார்த்து, அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்றும் பாக்கி சுழியம் என்றும் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பாக்கி இருப்பதாகக் காட்டினால், நிலுவை இல்லாச் சான்றின் நகலுடன் புகார் செய்யலாம். புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும்

கடன் கணக்கு குடும்பத் தலைவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருப்பது நல்லதல்ல. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, பத்திரம் எங்கே என்று தெரியாமல் மனைவி மக்கள் தவிக்க நேரும். கட்டி முடித்த கடனுக்கே மறுபடி கட்டச் சொன்னாலும் எதிர்த்துக் கேட்க அவர்களிடம் சீட்டு இருக்காது. ரசீதுகள், நிலுவை இல்லாச் சான்று, பதிவான ரசீது ஆவணம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, மேலே கடன் எண்ணையும் முடிந்த தேதியையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பை இருக்குமிடம் வீட்டில் இன்னும் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கடன்தாரர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் பத்திரத்தை ஒப்படைக்கும் முறையை வங்கிகள் வகுத்து வெளியிட வேண்டும் என்பதும் 2023ஆம் ஆண்டு ஆணையில் உள்ளது.

கடன் தீர்ந்த மறு ஆண்டு

ஐந்தாண்டு தவணை கட்டிய குடும்பம், அந்தத் தொகை இல்லாமலே வாழப் பழகியிருக்கிறது. இதுவே பெரிய சொத்து. தவணை முடிந்த முதல் அறுவடையில், வழக்கமாக வங்கிக்குப் போகும் அதே வாரத்தில், அந்தத் தவணையைத் தன் பேரிலேயே சேமிப்பாகப் போட்டுவிட வேண்டும். முழுத் தொகை இயலாவிட்டால் பாதியாவது போடலாம். உதாரணத்தில் சொன்ன விவசாயி ஆண்டுக்கு 20,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டு சேமித்தால் வட்டி நீங்கலாகவே 80,000 ரூபாய் சேரும். பம்பு செட்டு பழுதாகி மாற்ற வேண்டிவரும் நாளில், முன்பு 1,00,000 ரூபாய் கடன் கேட்டுப் போன இடத்துக்கு இப்போது 20,000 ரூபாய்க்குத்தான் போக வேண்டியிருக்கும். அதற்கும் போகாமல் இருந்துவிடலாம்.

கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் உடனே இன்னொரு பெரிய கடன் வாங்குவதும், 'உங்கள் கணக்கு சுத்தமாக இருக்கிறது, இன்னும் கூடுதலாகத் தருகிறோம்' என்ற பேச்சுக்கு இசைவதும் பலரை மீண்டும் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன. கடன் வாங்குவது தவறல்ல. கிணறு, கறவை மாடு, சொட்டு நீர்ப் பாசனம் என்று வருமானம் பெருக்கும் செலவுக்கு வாங்கும் கடன் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். நிலம் தரும் வருமானம் தவணையைவிடக் கூடுதலாக இருக்குமா என்று கணக்குப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த ஆண்டு கடைசித் தவணை கட்டவிருக்கும் விவசாயிகள், பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு புறப்படும்போது, கடன் வாங்கிய நாளில் கொடுத்த பத்திரங்களின் பட்டியலையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். பணம் கொடுத்து ரசீது வாங்கிய கையோடு, பத்திரம் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டு, தேதியைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்தத் தேதியில் பத்திரம் வீடு வந்து, வில்லங்கச் சான்றில் ரசீதுப் பதிவும் ஏறிய நாளே கடன் தீர்ந்த நாள்.